சாலை வகுத்த கல்தச்சர் தாமஸ் டெல்போர்டு



ஓர் ஊருக்கு நல்ல சாலை வேண்டும் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் உண்டாவதில்லை. அதற்குப் பணம் கொடுப்பவர் யார், போட்ட சாலையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்பவர் யார் என்னும் இரண்டு கேள்விகள் எழும்போதுதான் கூடிய கூட்டம் கலையத் தொடங்குகின்றது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் தம் காலத்தில் ஒருவாறு விடை கண்டு, அவ்விடையைக் கல்லாலும் இரும்பாலும் நிலைநாட்டியவர் தாமஸ் டெல்போர்டு. பெரும் பாலங்களைக் கட்டியவர் என்றே உலகம் அவரை அறியும். பாலத்தைக் காட்டிலும் பாலத்துக்கான பணம் சேர்ந்த விதமும், அப்பாலத்தின் வழியாய்ப் பின்னர் நடந்தேறிய காரியங்களும் நமக்கு அதிக சிந்தனையைத் தந்தமையால், அவர் சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பத்தினர் முன் வைக்கின்றோம்.

ஸ்காத்லாந்து தேசத்தின் தென்பகுதியில், எஸ்க் என்னும் ஆறு பாயும் மலைப்பள்ளத்தாக்கில், வெஸ்டர்கெர்க் என்ற சிற்றூரைச் சார்ந்த கிளெண்டினிங் என்னும் ஆட்டுப்பண்ணையில் 1757-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் டெல்போர்டு பிறந்தார். தந்தையார் ஆடு மேய்த்துப் பிழைத்தவர். பிள்ளை பிறந்த சில மாதங்களுக்குள் அவர் காலஞ்சென்றார். தாயார் ஜேனட் அம்மையார் கைக்குழந்தையுடன் வேறொரு குடிசையின் ஒரு பாதியில் ஒண்டுக்குடித்தனமாய் இருந்து, அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்து பிள்ளையை வளர்த்தார். பள்ளிக்கூடத்துச் சம்பளத்தை உறவினர் ஒருவர் ஏற்றுக் கட்டினார். அந்தச் சிறு தொகை கட்டப்படாதிருந்தால் நாம் இச்சரித்திரத்தை எழுதவேண்டிய காரணமே இராது. ஆடு மேய்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் பிள்ளை படித்தான். எப்பொழுதும் சிரித்த முகமாய் இருந்தமையால் அவ்வூரார் அதையே அவனுக்குப் பெயராக வைத்து அழைத்து வந்தனராம்.

தக்க வயது வந்ததும் கல்தச்சுத் தொழில் பழகும்படி ஒருவரிடம் விடப்பட்டான். அவர் கொடுமைக்காரர். சில மாதங்களில் பிள்ளை ஓடி வந்துவிட்டான். பின்பு லாங்ஹம் என்னும் ஊரில் வேறொரு கல்தச்சரிடம் சேர்ந்து தொழிலைச் செவ்வையாகக் கற்றான். அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் தம் வீட்டுப் புத்தகங்களை அவ்விளைஞனுக்கு இரவல் கொடுத்து வந்தார். பகலில் உளியும் இரவில் புத்தகமுமாய் அவ்வாண்டுகள் கழிந்தன. செய்யுள் இயற்றும் பழக்கமும் அப்பொழுது தொற்றிக்கொண்டது. அச்செய்யுள்கள் பாலங்களைப்போல் உறுதியானவை என்று சொல்லுவதற்கில்லை.

1780-இல் எடின்பரோ நகருக்கும், 1782-இல் லண்டனுக்கும் வேலை தேடிச் சென்றார். லண்டனுக்குப் போனதும் ஒரு வேடிக்கை. தம் நாட்டுப் பிரபு ஒருவருடைய குதிரையை லண்டனில் கொண்டுபோய் ஒப்புவிக்க ஆள் தேவைப்பட்டது. அக்குதிரையின்மீது ஏறிக்கொண்டு, தோலாடை இரவல் வாங்கி உடுத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தையும் கடந்தார். அங்கே சாமர்செட் மாளிகை என்னும் பெரிய அரசாங்கக் கட்டடத்தில் கல் செதுக்கும் வேலை கிடைத்தது. தாயாருக்கு அவர் எழுதிய கடிதங்களைப்பற்றி ஒரு செய்தி கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அவ்வம்மையாருக்குக் கையெழுத்துப் படிக்க வராது, அச்செழுத்துமட்டும் தெரியும். ஆகையால் மகனார் கடிதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் அச்செழுத்தைப்போலவே தனித்தனியாக வரைந்து அனுப்புவாராம். வேலை மிகுந்து பெயர் பரவிய பின்னும், தாயார் உயிரோடிருந்தவரை இவ்வழக்கத்தை அவர் விடவில்லை.

குதிரையை அனுப்பிய பிரபுவின் சகோதரர் வில்லியம் புல்ட்னி என்பவர் பெருஞ்செல்வர், பார்லிமெண்டு அங்கத்தினர். அவர் ஆதரவினால் டெல்போர்டு ஷ்ரூஸ்பரி நகரத்திற்கு வந்து, 1787-இல் அந்த ஜில்லாவின் மராமத்து அதிகாரியானார். மறு ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் அவர் பெயரை ஊரறியச் செய்தது. செயிண்ட் சாட் என்னும் பழைய மாதாகோவிலில் கூரை ஒழுகுகிறதென்று கோவில் நிர்வாகிகள் அவரை அழைத்துக் காட்டினர். அவர் பார்த்துவிட்டு, அடுத்தடுத்துப் பிரேதக் குழிகள் தோண்டியதனால் அஸ்திவாரம் இளகிச் சுவர்கள் வெடித்திருக்கின்றன என்றும், கூரையைப் பேசுமுன் சுவரைப் பார்க்கவேண்டும் என்றும் தெரிவித்தார். வேலை தேடிக்கொள்வதற்காக இவர் பயமுறுத்துகிறார் என்று நிர்வாகிகள் நகைத்தனர். சில நாட்களுக்குள், விடியற்காலை நான்கு மணி அடித்த சமயத்தில், கோபுரம் இடிந்து கோவில்மேல் விழுந்தது. நல்ல வேளையாக உள்ளே ஒருவரும் இல்லை.

1795-இல் செவர்ன் ஆற்றில் வந்த பெருவெள்ளம் பல கல்பாலங்களை வாரிக்கொண்டு போயிற்று. பில்ட்வாஸ் என்னுமிடத்தில் போன பாலத்துக்குப் பதிலாக டெல்போர்டு வார்ப்பிரும்பினால் ஒரே வளைவாகப் பாலம் அமைத்தார். உலகத்தின் முதல் பெரிய இரும்புப் பாலம் அதே ஆற்றில் சில மைல் கீழே 1779-இல் கட்டப்பட்டிருந்தது. அதன் அகலம் 100 அடி. செலவான இரும்பு 378 டன். டெல்போர்டின் வளைவோ 130 அடி. இரும்பு 173 டன். அதிக தூரத்தைப் பாதி இரும்பில் கடந்த கணக்கு அது. பின்னர், வேல்ஸ் நாட்டில் பான்ட்கசுல்டே என்னுமிடத்தில், 126 அடி உயரத்தில் 1007 அடி நீளத்துக்கு இரும்புத் தொட்டி வைத்து ஒரு கால்வாயையே ஆற்றுக்கு மேலாகக் கொண்டு சென்ற அற்புதம் 1805-இல் முடிந்தது. 2009-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக்கப்பட்டது. அவ்வேலைக்குத் தலைமை இஞ்சினீயராய் இருந்தவர் வில்லியம் ஜெஸ்ஸப் என்னும் பெரியார். டெல்போர்டு தம் சுயசரிதத்தில் அவருக்கு உரிய புகழைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. இதை நாம் ஒரு குறையாகவே கருதுகின்றோம்.

நிற்க. இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

ஸ்காத்லாந்தின் வடபகுதி முழுதும் மலைநாடு. அங்கே முன்பு வேட் என்னும் சேனாபதி 1725 முதல் சுமார் 250 மைல் சாலை போட்டிருந்தார். அவை கலகத்தை அடக்கப் பட்டாளம் நடப்பதற்காகப் போட்டவை, செங்குத்தாக ஏறி இறங்கும், பாரவண்டிக்கு உதவமாட்டா. மற்றப்படி ஆறுகளில் பாலமில்லை. ஓடமும், ஆழமில்லாத துறையுமே கதி. ஜனங்கள் பிழைப்பற்று, கப்பலேறி அமெரிக்காக் கண்டத்துக்குக் குடிபோய்க்கொண்டிருந்தனர். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஆராய்ந்து கூறும்படி அரசாங்கத்தார் டெல்போர்டை 1801-லும் 1802-லும் அனுப்பினர். முந்திய ஓராண்டில் மட்டும் 3000 பேர் வெளியேறினர் என்றும், அதைப்போல் மும்மடங்கினர் பயணத்துக்கு ஆயத்தமாயிருக்கின்றனர் என்றும் அவர் அறிக்கை கொடுத்தார். சாலையும் பாலமும் கால்வாயும் வந்தால் உடனே வேலையும், பின்னர் வியாபாரமும் உண்டாகி ஜனங்கள் தங்குவர் என்பது அவர் துணிபு.

1803-இல் பார்லிமெண்டு இதற்கென ஒரு கமிஷனை நியமித்தது. அதன் பண ஏற்பாடு கவனிக்கத்தக்கது. செலவில் பாதி அரசாங்கம் தரும். மற்றப் பாதியை, அச்சாலையால் பயனடையும் நிலப்பிரபுக்களும் ஜில்லாவாரும் தரவேண்டும். சாலை வேண்டுவோர் முதலில் விண்ணப்பம் செய்யவேண்டும். டெல்போர்டின் ஆட்கள் சென்று அளந்து மதிப்பிடுவர். மதிப்பில் தங்கள் பாதியை விண்ணப்பக்காரர் பாங்கியில் முன்னதாகவே கட்டிய பிறகுதான் வேலைக்குக் கண்டிராக்டு விடப்படும். வாய்ச்சொல்லாகவோ காகிதத்தில் கையெழுத்தாகவோ கொடுத்த வாக்கினைக் கமிஷன் பணமாக எண்ணவில்லை. நன்கொடைப் பட்டியலில் முதல் வரியில் பெயரெழுதச் சொல்லி, வசூலுக்குப் போகும்பொழுது வீட்டில் இல்லாதிருப்பவர்களை அறிந்த நம் சங்கத்துக் காரியதரிசிகள் இவ்வேற்பாட்டின் அருமையை உடனே உணர்வர்.

வேலை நடக்கும்போது மேற்பார்வையும் அங்ஙனமே கண்டிப்பாயிருந்தது. கல்தச்சராகத் தொழில் தொடங்கிய ஜான் மிச்செல் என்பவரை டெல்போர்டு தேடிப் பிடித்துத் தலைமை மேற்பார்வையாளராக்கினார். அவர் பனியிலும் மழையிலும் ஆண்டொன்றுக்கு ஆயிரக்கணக்கான மைல் சுற்றி, ஒவ்வொரு மதகையும் பாலத்தையும் கண்ணாற் கண்டு வந்தார். கண்டிராக்டர்கள் சிலர் முறிந்து போனதும், பிரபுக்கள் சிலர் இடக்குச் செய்ததும் உண்டு. எனினும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளில் 920 மைல் புதுச்சாலையும், சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களும் உண்டாயின. போட்ட சாலைகளைப் பழுது பார்ப்பதற்கும் பிறகு சட்டமுண்டாகி, ஆண்டு தோறும் பணம் ஒதுக்கப்பட்டது.

1809-இல் டோர்னாக் கடற்கழியில் சந்தைக்குச் சென்ற ஜனங்களை ஏற்றிய ஓடமொன்று கவிழ்ந்து ஏறத்தாழ நூறு உயிர்கள் மாண்டன. ஒரு சிறிய ஜில்லாவுக்கு இது எத்தகைய அடியென்று நாம் விவரிக்க வேண்டுவதில்லை. கழிக்கு மேலே போனார் என்னும் துறையில் டெல்போர்டின் இரும்புப் பாலம் 1812-இல் எழுந்தது. அது வேல்ஸ் நாட்டில் வார்க்கப்பட்டுத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. அதுபோன்ற மற்றொன்று ஸ்பே ஆற்றின்மீது கிரெய்கெல்லக்கி என்னுமிடத்தில் 1814-இல் முடிந்தது. 1829-இல் அந்நாடு அதுவரை காணாத வெள்ளத்தில், ஆறு வழக்கத்துக்குமேல் பதினைந்தடிக்கு அதிகமாய் ஏறியபோதும் அவ்விரும்பு வளைவு அசையவில்லை. 1972 வரை வண்டிகளைத் தாங்கியது. இன்றும் நடப்போர்க்கு உதவுகின்றது. போனார் பாலமோ 1892-இல் ஒரு வெள்ளத்துக்கு இரையாயிற்று.

டே ஆற்றின்மீது டங்கெல்டு என்னுமிடத்தில் 1809-இல் திறந்த கல்பாலத்தின் கதை வேறு. அங்கே பெரும்பாகம் செலவிட்ட அத்தோல் பிரபு, தம் முதலை மீட்கச் சுங்கம் வாங்கும் உரிமை பெற்றிருந்தார். முதல் மீண்டதா இல்லையா என்பது ஊராருக்குத் தெரியும்படி கணக்குக் காட்டப்படவில்லை என்ற மனக்குறை இரண்டு தலைமுறை புகைந்து, 1868-இல் ஜனங்கள் சுங்கவாயிலைப் பிடுங்கி ஆற்றில் எறியும் அளவுக்குப் போயிற்று. பட்டாளம் வந்தது. 1879-இல்தான் அச்சுங்கம் ஒழிந்தது. பாலம் கட்டியவர்மேல் அதில் குற்றமில்லை. பணத்தின் கணக்கு மறைவாயிருந்ததே குற்றம்.

இவ்வளவும் செய்தபின், ஜனங்கள் தங்கினரோ என்றால், இங்கேதான் நாம் வருத்தத்துடன் எழுதவேண்டியிருக்கின்றது. சாலை போட்ட அதே ஆண்டுகளில், சதர்லாந்து முதலிய பகுதிகளில் நிலப்பிரபுக்கள் குடிகளைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றி, அந்நிலங்களில் ஆட்டு மந்தைகளை விட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டதும் உண்டு. பாதிப்பணம் கட்டியவர்களிற் பலர் அப்பிரபுக்களே. தபால் வண்டி தேசத்தின் வடகோடி வரை ஓடிற்று; கம்பளியும் ஆடும் சந்தைக்கு எளிதாய் இறங்கின; விவசாயமும் விருத்தியாயிற்று. ஆனால் குடியானவனுக்கு நிலத்தில் உரிமையில்லாத இடத்தில், சாலை அவனைத் தங்கவைக்கவில்லை. அவன் மூட்டையுடன் துறைமுகத்துக்கு விரைவாய்ப் போக உதவிற்று. டெல்போர்டு ஆட்டிடையர் மகன். தம் அறிக்கையில் ஆட்டுப்பண்ணைகளால் குடிகள் இடம்பெயர்வதைக் குறிப்பிடவும் செய்தார். சாலையின் வலிமையை அவர் சிறிது அதிகமாக மதித்துவிட்டார் என்பது நம் எண்ணம். சாலையே இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லவும் நாம் துணியோம். பின்னர்ப் பஞ்சம் வந்த காலத்தில் தானியம் ஏறியதும் அவ்வழிகளில்தான்.

மலைநாட்டைக் குறுக்கே வெட்டிய கலிடோனியக் கால்வாயும் அவர் பொறுப்பே. ஏழாண்டில் 3,50,000 பவுனில் முடியும் என்று முதலில் கணக்கிட்டது, பத்தொன்பது ஆண்டும் 9,00,000 பவுனுக்கு மேலும் தின்றது. யுத்தகாலத்து விலையேற்றம் ஒரு காரணம். அறுவடைக்கும் மீன்பிடிக்கும் ஆட்கள் கலைந்து போனது மற்றொன்று. திட்டமிட்ட ஆழம் முழுதும் தோண்டப்படாமலே 1822-இல் திறக்கப்பட்டது. அதற்குள் கப்பல்கள் பெரிதாகிவிட்டன. வருமானம் நினைத்தபடி வரவில்லை.

இதற்கிடையில் லண்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள வழி பெரிய பிரச்சினையாயிற்று. 1801-இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டமையால், அந்நாட்டு அங்கத்தினர் பார்லிமெண்டுக்கு வரவேண்டியவராயினர். ஹோலிஹெட் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 260 மைல். இடையிலுள்ள சாலை பல சுங்கச்சாவடிச் சங்கங்களின் கையில் துண்டு துண்டாய் இருந்தது. சுங்கம் வாங்குவதில் ஒரு சங்கமும் குறைவைக்கவில்லை. வேல்ஸ் மலைகளில் தபால் வண்டிக் குதிரைகளோ கால் முறிந்தன. அயர்லாந்து அங்கத்தினர் ஹென்றி பார்னெல் விடாது வற்புறுத்த, 1815-இல் கமிஷன் ஏற்பட்டது. டெல்போர்டு வேல்ஸ் பகுதிச் சங்கங்களை ஒன்றாக்கும்படி செய்து, இருபதடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் இராதபடி மலைச்சரிவுகளைச் சுற்றிப் புதுவழி கண்டார்.

அவர் சாலை போட்ட முறையையும் கூறுவோம். அடியில் பெரிய கற்களை அகன்ற பக்கம் கீழாக இருக்கும்படி கையாலேயே நெருக்கி நிறுத்துவர். நடுவில் ஏழங்குலம், ஓரத்துக்குச் செல்லச் செல்லக் குறையும். இடுக்குகளில் சிறுகல் இறுக்குவர். அதன்மேல் ஆறங்குலம் உடைத்த ஜல்லி. ஒவ்வொரு கல்லும் இரண்டரை அங்குல வளையத்தில் நுழையவேண்டும். மேலே ஓரங்குலம் சரளை. நீர் தேங்காமல் இருபுறமும் வடிகால். அக்காலத்தில் மக்காடம் என்பவர் அடிக்கல் வேண்டுவதில்லை, ஜல்லி மட்டும் போதுமென்று செலவு குறைந்த வேறொரு முறையைப் பரப்பினார். பணக்குறைவுள்ள சங்கங்கள் அவரையே நாடின. டெல்போர்டின் சாலை முதற்செலவில் மிகுந்தது. பழுது பார்க்கும் செலவில் குறைந்தது. பழுதுக்கான ஜல்லியைக் கொட்டிவைக்கச் சாலையோரத்தில் ஆங்காங்கே சிறு குழிவிடமும் முதலிலேயே கட்டிவைத்தார். பின்வருவோன் செய்யவேண்டிய வேலைக்கு முன்னோன் இடம் விட்ட இச்செயல் எமக்குப் பெரும்பாலங்களினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

அச்சாலையில் கடைசித் தடை மெனாய் ஜலசந்தி. நீரோட்டம் கொடியது; ஓடங்கள் கவிழ்வது புதிதன்று. 1785-இல் அங்கே 55 பேருடன் சென்ற ஓடத்திலிருந்து ஒருவரே பிழைத்தார். சந்தைக்குச் செல்லும் மாடுகளையோ நீந்தவிட்டே கடத்துவர். கப்பல்களின் பாய்மரம் கீழே செல்ல 100 அடி இடைவெளி வேண்டுமென்று கடற்படையார் கூறினர். கட்டும்பொழுதுகூட வழியை அடைக்கலாகாது. ஆகவே கோபுரத்துக்குக் கோபுரம் 579 அடி இடைவிட்டு, இரும்புச் சங்கிலிகளில் பாதையைத் தொங்கவிட அவர் தீர்மானித்தார். அத்தகைய நீளத்தில் அதற்குமுன் ஒருவரும் கட்டியதில்லை. கணக்கை மட்டும் நம்பாமல் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்தார். ஒவ்வோர் இரும்புச் சட்டமும் இழுத்துப் பார்க்கப்பட்டு, துருப்பிடியாதபடி காய்ச்சி ஆளி எண்ணெயில் தோய்க்கப்பட்டது. 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள், 23 டன்னுக்கு மேற்பட்ட முதற்சங்கிலி ஒரு பெருந்தெப்பத்தில் நடுநீருக்குக் கொண்டுவரப்பட்டது. 150 ஆட்கள் குழலோசைக்கு அடிவைத்துக் கயிற்றுருளைகளைச் சுற்ற, அது மேலெழுந்து தன் இடத்தில் பூட்டப்பட்டது. இருகரையிலும் கூடிநின்ற ஜனங்கள் ஆரவாரித்தனர். வேலையாட்கள் சிலர் மகிழ்ச்சி தாளாமல் அச்சங்கிலிமேலேயே தவழ்ந்து அக்கரை போயினர். அதற்கு முன்பல இரவுகள் டெல்போர்டு உறங்கவில்லை என்று அவரை அறிந்தவர் கூறுவதுண்டு.

1826-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, லண்டன் தபால் வண்டி முதன்முதலாக அப்பாலத்தைக் கடந்தது. லண்டனிலிருந்து ஹோலிஹெட் செல்ல 36 மணி நேரமானது 27 மணியாகக் குறைந்தது. புயற்காற்றில் பாலத்தின் தளம் சிலமுறை சேதமுற்றது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சங்கிலிகள் எஃகினால் மாற்றப்பட்டன. பாலம் நிற்கின்றது.

அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. நெடுங்காலம் சொந்த வீடும் இல்லை. லண்டனில் ஒரு காப்பி ஹோட்டலில் இருபத்தோராண்டு தங்கினார். அவரைக் காணப் பல தேசத்து இஞ்சினீயர்களும் அங்கே வந்து செலவிடுவர். ஹோட்டலை விலைக்கு வாங்கிய புதிய முதலாளி, டெல்போர்டு வேறிடம் போகிறார் என்று கேட்டு, தாம் கொடுத்த விலையில் 750 பவுன் அவர் தலைக்கென்றே கொடுத்ததாக அங்கலாய்த்தாராம். 1820-இல் சிவில் இஞ்சினீயர்களின் சங்கத்துக்கு முதல் தலைவரானார். தாம் சேர்த்த புத்தகங்களைக் கொடுத்து அதன் நூலகத்துக்கு வித்திட்டார். முதுமையில் காது மந்தப்பட்டது. 1829-இல் பிரிஸ்டல் அருகே ஒரு பாலத்துக்கு வந்த வரைபடங்களை மதிப்பிட அவரை அழைத்தபோது, இளைஞர் புருனெல் என்பவருடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தாமே ஒன்று வரைந்து கொடுத்தார். ஊரார் அதை ஏற்கவில்லை. முடிவில் புருனெலின் திட்டமே தேறியது. மறு ஆண்டிலேயே லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி ரயில் ஓடத் தொடங்கிற்று. அவருடைய நெடுஞ்சாலைகளில் தபால் வண்டி ஓய்ந்தது. மோட்டார் வண்டி வரும்வரை சுமார் எழுபதாண்டு அவற்றில் புல் முளைத்த இடங்களும் உண்டு.

1834-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் நாள் டெல்போர்டு காலஞ்சென்றார். ஆரவாரமின்றி அடக்கம் செய்யவேண்டுமென்று அவர் விரும்பியும், இஞ்சினீயர் சங்கத்தார் வற்புறுத்தவே, அரசரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தது. தம் சொத்தில் லாங்ஹம் நூலகத்துக்கும், பிறந்த ஊராகிய வெஸ்டர்கெர்க்கின் நூலகத்துக்கும் ஆயிரம் ஆயிரம் பவுன் எழுதி வைத்திருந்தார். வெஸ்டர்கெர்க் நூலகம் 1793-இல் அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளிகள் தங்களுக்கென ஏற்படுத்திக்கொண்டது. முதலைத் தொடாமல் வட்டியினால் மட்டும் புத்தகம் வாங்கும்படி ஏற்பாடு. மலைப்பண்ணைகளில் ஆடு மேய்ப்போர் பல மைல் நடந்து வந்து, அங்கே புத்தகம் எடுத்துச் சென்றனர்.